அறுபது ஸ்தாயியில் ஒன்று: மின்காந்த நிறமாலை ஓர் அறிமுகம்

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். போன கோடை விடுமுறையில் அக்கா மகளோடு அந்தப் பக்கம் போனபோது, தேங்காய் வெட்ட ஓர் அரிவாள் வாங்கலாம் என்று ஒரு பட்டறையில் நின்றோம். எட்டாம் வகுப்பு முடித்தவள். எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

உலைக்குள் லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. காற்று ஊத ஊத முதலில் மங்கலாகச் சிவந்தது. அப்புறம் ஆரஞ்சு. இன்னும் கொஞ்சம் ஊதியதும் மஞ்சள். பெரியவர் அதைக் குறட்டால் பிடித்து அடைகல்லில் வைக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்தார். அடிக்க அடிக்க நிறம் வந்த வழியே திரும்பிப் போனது. மஞ்சள் மங்கி ஆரஞ்சு, ஆரஞ்சு மங்கிச் சிவப்பு, கடைசியில் பழையபடி கறுப்பு. கறுத்த துண்டை ஓரமாக மண்ணில் போட்டார்கள். இவள் குனிந்து கிட்டப் போனாள்.

"பாப்பா, கறுத்துருச்சுன்னு கை வச்சுராத. அதுதான் ஆளைச் சுடும்" என்றார் பெரியவர்.

அவள் தொடவில்லை. பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"மாமா, வெளிச்சமே இல்ல. தொடவும் இல்ல. அப்புறம் எப்படிச் சுடுது?"

சூடான காற்று மேலே போகும், பக்கவாட்டில் வராது. அப்படியானால் அவள் கைக்கு வந்தது எது? ஒளிதான். அந்த இரும்பு ஒளி விடுவதை நிறுத்தவே இல்லை. நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியை மட்டும்தான் நிறுத்தியிருந்தது. சிவப்புக்குக் கீழே இன்னொரு 'நிறம்' இருக்கிறது. கண் அதைப் பார்க்காது, தோல் உணரும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே ஆள். 1800-ல் இங்கிலாந்தில் ஒரு முப்பட்டகத்தை வைத்துச் சூரிய ஒளியை ஏழு நிறமாகப் பிரித்து, எந்த நிறத்தில் எவ்வளவு சூடு என்று பார்க்க ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்தார். ஊதாவைவிடப் பச்சையில் சூடு அதிகம், பச்சையைவிடச் சிவப்பில் அதிகம். சிவப்பைத் தாண்டி, எந்த நிறமும் விழாத வெற்று இடத்தில் இருந்த வெப்பமானியைப் பார்த்தால், அதில்தான் இன்னும் அதிகம்! அங்கே விழுந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத்தான் இன்று அகச்சிவப்பு என்கிறோம். அடுத்த ஆண்டே, 1801-ல், ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் மறுமுனையைச் சோதித்தார். வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளி குளோரைடை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஊதாவைத் தாண்டிய வெற்று இடத்தில்தான் அது சீக்கிரம் கறுத்தது. அது புற ஊதா.

இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அகம், புறம் என்பதெல்லாம் சங்கம் வளர்த்த ஊர்க்காரர்களுக்குப் பழகிய சொற்கள்தான். ஆனால் இங்கே பிள்ளைகளைக் குழப்புகின்றன. அகச்சிவப்பு என்றால் சிவப்புக்கு உள்ளே இருப்பது என்று எழுதுகிறார்கள். இரண்டுமே நம் பார்வைக்கு வெளியேதான் இருக்கின்றன. ஒன்று சிவப்புக்குக் கீழே, இன்னொன்று ஊதாவுக்கு மேலே. அதை நினைவில் வைத்தால் போதும்.

கீழே, மேலே என்றால் எதில்?

வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் படிக்கட்டில் உட்கார்ந்து கையால் தண்ணீரை ஆட்டிப் பாருங்கள். மெதுவாக ஆட்டினால் அலைகள் அகலமாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போகும். வேகமாக ஆட்டினால் நெருக்கமாக, பொடிப்பொடியாகப் போகும். ஒரு நொடியில் எத்தனை முறை ஆட்டுகிறோம் என்பது அதிர்வெண். அதன் அளவு ஹெர்ட்ஸ். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை உள்ள தூரம் அலைநீளம். அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும்.

தெப்பக்குளத்து அலைக்குத் தண்ணீர் வேண்டும். ஒலிக்குக் காற்று வேண்டும். ஒளிக்கு எதுவும் வேண்டாம். மின்புலம் மாறினால் காந்தப்புலம் பிறக்கும், காந்தப்புலம் மாறினால் மின்புலம் பிறக்கும். இப்படி ஒன்றை ஒன்று பெற்றுப் பெற்று, வெறும் வெளியில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற அலை அது. அதனால்தான் மின்காந்த அலை என்று பெயர். 1860-களில் மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் இந்த அலையின் வேகத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை, ஏற்கெனவே அளந்து வைத்திருந்த ஒளியின் வேகத்தோடு பொருந்தியது. ஒளியும் இந்த ஜாதிதான் என்பது அங்கேதான் தெரிந்தது. ரேடியோ அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுறு ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் என்று புத்தகத்தில் ஏழு பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றே. அதிர்வெண்தான் வேறு.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் புத்தகத்துப் படம் காட்டுவதில்லை. பாட்டுக் கற்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்: ச-வில் தொடங்கி மேல் ச-வுக்குப் போனால் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்கு. அது ஒரு ஸ்தாயி. நல்ல பாடகருக்கு மூன்று ஸ்தாயி எட்டினாலே பெரிய விஷயம். இப்போது நம் வீட்டு மின்சாரத்தில் தொடங்குவோம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அந்தக் கம்பியைச் சுற்றிப் பிறக்கும் அலையின் நீளம் 6,000 கிலோமீட்டர், அதாவது காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கிருந்து இரட்டித்து இரட்டித்து ஏறினால், 1-க்குப் பின்னால் 20 சைபர் போட்ட அதிர்வெண்ணில் உள்ள காமா கதிரைத் தொட 60 ஸ்தாயிக்கு மேல் ஏற வேண்டும். நம் கண் பார்க்கும் ஒளி, சிவப்பின் 700 நானோமீட்டரிலிருந்து ஊதாவின் 400 நானோமீட்டர் வரை. நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு. 700-க்கும் 400-க்கும் நடுவே இரண்டு மடங்குகூட இல்லை பாருங்கள். அறுபது ஸ்தாயிக் கச்சேரியில் நம் கண்ணுக்கு எட்டுவது முழுசாக ஒரு ஸ்தாயிகூடக் கிடையாது.

சரி, மற்ற ஸ்தாயிகள் எங்கே? எல்லாம் இங்கேதான், வீட்டுக்குள்ளேயே.

கீழ்க் கோடியில் ரேடியோ. மதுரைப் பக்கம், கோடைக்கானலிலிருந்து வரும் கோடை பண்பலை கேட்காத வீடு குறைவு. 100.5 என்று சொல்கிறார்களே, அது 100.5 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 10 கோடியே 5 லட்சம் அதிர்வு. 300-ஐ அந்த 100.5-ஆல் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும்: மூன்று மீட்டருக்கு ஒரு துளி குறைவு. ஏறக்குறைய ஓர் அறையின் உயரத்துக்கு நீண்ட அலைகள், நேர்கோட்டில் 75 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி உங்கள் வீட்டுக்குள் வந்து போகின்றன. பண்பலை அலை ஏறக்குறைய நேராகவே போகும்; பூமியின் வளைவைச் சுற்றி வளைந்து தொலைதூரம் வராது. கோடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து பார்த்தால் சமவெளி முழுக்கத் தெரியும். பார்க்க முடிகிற இடத்துக்கெல்லாம் பாட்டும் போகும்.

பட்டன் போனில் எஃப்எம் போட்டால் "இயர்போனைச் செருகவும்" என்று வரும், கவனித்திருக்கிறீர்களா? மூன்று மீட்டர் அலையைப் பிடிக்க அதன் பாதியோ கால் பங்கோ நீளம் உள்ள கம்பி வேண்டும். கையடக்கப் போனுக்குள் அதற்கு இடமில்லை. இயர்போன் வயரையே ஆன்டெனாவாக்கிக் கொள்கிறது.

அதே கோடை மலையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அங்கே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். அதில் ஒரு வரிசை, கால்சியம் அணுவுக்கே உரிய 393.4 நானோமீட்டர் ஒளியில் மட்டும் எடுத்தது, ஊதாவின் விளிம்பில். 1909-ல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியிலிருந்து வரும் ஒளியில் சில கோடுகளின் அலைநீளம் மயிரிழை அளவு நகர்ந்திருப்பதைப் பார்த்தார். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி கொஞ்சம் சுருங்கும், விலகிப் போவதன் ஒளி கொஞ்சம் நீளும். அதை வைத்தே, கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று சொன்னார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் உலகப் பாடநூல்களில் இருக்கிறது. ஒரே மலையிலிருந்து வெளியே போகிற ரேடியோ அலை மூன்று மீட்டர். அங்கே வந்து சேரும் ஒளி அலை அதில் 76 லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது ஒரே வேகத்தில்.

ரேடியோவுக்கு அடுத்தது நுண்ணலை. வைஃபை, செல்போன், பேக்கரியில் பப்ஸ் சூடாக்கித் தரும் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இங்கேதான். அந்த அடுப்பின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அதன் கண்ணாடிக் கதவில் பொடிப்பொடித் துளையிட்ட உலோகத் தகடு இருக்கும். அந்தத் துளை வழியாகப் பப்ஸ் சுற்றுவது நமக்குத் தெரிகிறது, அதாவது ஒளி வெளியே வருகிறது. நுண்ணலை வருவதில்லை. ஒரு மில்லிமீட்டர் துளைக்கு 12 சென்டிமீட்டர் அலை பெரிய யானை. அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் ஆயிரம் நானோமீட்டர்) ஒளி அலைக்கோ அது கோபுர வாசல். எந்த அலை எதில் நுழையும், எதில் நிற்கும் என்பதற்கு இந்த அளவுப் பொருத்தம் ஒரு முக்கியக் காரணம். 1890-களிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டரே நீளமுள்ள அலைகளை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். உலகமே நீள அலைகளின் பின்னால் ஓடிய காலம் அது.

இந்த இடத்தில் எல்லாக் கூட்டத்திலும் ஒரு கேள்வி வரும்: செல்போன் டவரால் கேடு உண்டா? இதற்கு ஒளியின் இன்னொரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளி அலையாக ஓடினாலும், ஒரு பொருளோடு மோதும்போது பொட்டலம் பொட்டலமாகத்தான் ஆற்றலைக் கொடுக்கும். அந்தப் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். அதிர்வெண் கூடக் கூடப் பொட்டலம் கனக்கும். மாமரத்தின் மீது மூட்டை மூட்டையாகப் பொரியை வீசினாலும் ஒரு மாங்காய் விழாது. கல் ஒன்று போதும். செல்போன் அலையின் ஒரு பொட்டலம், பச்சை ஒளியின் பொட்டலத்தில் சுமார் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கவோ மரபணுவை உடைக்கவோ அதற்குத் தெம்பில்லை. மிக அதிகமாகக் கொட்டினால் சூடாக்கும், அடுப்பில் நடப்பது அதுதான். அதனால்தான் டவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். கல்லெறி ஆரம்பிப்பது புற ஊதாவில். டவரைப் பார்த்துப் பயப்படுகிற ஊரில், மே மாத உச்சி வெயிலில் குடையில்லாமல் பிள்ளைகளை விளையாட விடுவதை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

அதற்கு முன் அகச்சிவப்புக்கு ஒரு சோதனை. டிவி ரிமோட்டை எடுங்கள். அதன் மூக்கில் சின்ன பல்பு இருக்கும். பட்டனை அமுக்கிக்கொண்டே அதைக் கண்ணால் பாருங்கள், ஒன்றும் தெரியாது. இப்போது செல்போன் கேமராவைத் திறந்து அதன் வழியாகப் பாருங்கள். வெளிர் ஊதாவாக மினுக் மினுக்கென்று எரியும். சில போன்களின் பின் கேமராவில் அகச்சிவப்பை வடிகட்டிவிடுவார்கள்; அப்போது செல்பி கேமராவில் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். ரிமோட் விடுவது சுமார் 940 நானோமீட்டர். கண்ணின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிற ஒளி. கேமராச் சில்லு அதைப் பார்த்துவிடுகிறது.

இன்னும் கீழே இறங்கினால் உடம்புச் சூட்டின் அகச்சிவப்பு, சுமார் 9 மைக்ரான். நாம் எல்லோரும் இரவும் பகலும் அதை விட்டுக்கொண்டிருக்கிறோம். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல் நீட்டினார்களே, அந்த வெப்பமானி தலைக்குள் எதையும் செலுத்தவில்லை. நெற்றியிலிருந்து வந்ததை வாங்கி அளந்தது, அவ்வளவுதான். மதுரையில் மே மாதம் மேல்மாடி அறையில் படுப்பவர்களுக்கு இந்த அலையை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் கூரைத் தளம் தலைக்கு மேல் அடுப்பாக இருக்கும். மின்விசிறி காற்றைத்தான் சுற்றும், கூரை விடுகிற அகச்சிவப்பை நிறுத்தாது. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் குளிர்ச்சி என்கிறார்களே, அது பகலில் வெயிலைத் திருப்பி அனுப்பிக் கூரை சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

இனி மேல்பக்கம். புற ஊதா கண்ணுக்குத் தெரியாது என்று எழுதுகிறோம். உண்மையில் கண்ணின் விழித்திரைக்கு அதைக் கொஞ்சம் உணரும் சக்தி இருக்கிறது. விழித்திரைக்கு முன்னால் இருக்கும் லென்ஸ்தான் அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. கண்புரைக்காக லென்ஸை எடுத்துவிட்டவர்கள் சிலருக்கு, புற ஊதாவின் தொடக்கப் பகுதி வெளிர் நீலமாகத் தெரிகிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், புரை எடுத்தவர்கள் பலர் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வீடு திரும்பினார்கள். பிறகு கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தது. அது வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாது என்றுதான் 1992-ல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்கூடம் தொடங்கி மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். இன்று உலகில் பெரும்பாலான செயற்கை லென்ஸ்களைப் புற ஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்தே செய்கிறார்கள். இயற்கை லென்ஸ் பார்த்த காவல் வேலையை இதுவும் பார்க்க வேண்டுமே.

வெயிலில் தோல் கறுப்பதும் எரிவதும் புற ஊதாவால். வைட்டமின் டி கிடைப்பதும் அதனால்தான். பஸ்ஸில் கண்ணாடியை மூடிவிட்டு வெயில் பக்கம் உட்கார்ந்தால் சூடு வரும், ஆனால் வைட்டமின் டி-க்கு வேண்டிய பகுதியைக் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்திவிடும். நகைக்கடையில் ஐநூறு ரூபாய் நோட்டை நீல விளக்கில் காட்டுவார்கள்: புற ஊதா பட்டதும் நோட்டின் எண்கள் பளிச்சென்று ஒளிரும். வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானில் இருக்கும் புற ஊதா விளக்கு கிருமியின் மரபணுவையே குலைத்துவிடும். முன்னே சொன்ன கல்லெறி இதுதான்.

எக்ஸ் கதிரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ மாடு பிடிக்கப் போய்க் கையை முறித்துக்கொண்டு வந்தவருக்கு முதலில் எடுப்பது அதுதான். தசையில் இருப்பவை பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்ஸிஜன். எல்லாம் சின்ன அணுக்கள், எக்ஸ் கதிர் தாண்டிப் போய்விடும். எலும்பில் கால்சியம், எலக்ட்ரான் அதிகமுள்ள கனத்த அணு, தடுத்துவிடும். படத்தில் வெள்ளையாகத் தெரிவது எலும்பின் நிழல். 1895-ல் ராண்ட்கன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தபோது இது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. அல்ஜீப்ராவில் தெரியாததற்கு எக்ஸ் என்று போடுவோமே, அதைப் போட்டார். தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை.

கடைசி ஸ்தாயி காமா. இது அணுவின் நடுவிலுள்ள கருவிலிருந்து புறப்படுவது. புற்றுநோய்க் கட்டியைச் சுட்டு அழிக்கக் கோபால்ட்-60 என்னும் உலோகத்திலிருந்து வரும் காமா கதிரைப் பயன்படுத்துகிறார்கள். காமா என்றதும் அணு உலையும் குண்டும் நினைவுக்கு வரும். ஆனால் கருங்கல்லிலும் அது உண்டு. கருங்கல்லில் பொட்டாசியமும், மிகக் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும். மேலூர்ப் பக்கத்துப் பாறையானாலும் சரி, ஆயிரங்கால் மண்டபத்துத் தூணானாலும் சரி, துளித்துளியாகக் காமா கதிர் விட்டுக்கொண்டுதான் இருக்கும். பயப்படும் அளவு இல்லை.

இதைச் சொன்னபோது அக்கா மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ கோயிலுக்குப் போகக் கூடாதா மாமா?"

"தாராளமாப் போ. உன் உடம்புலயும் பொட்டாசியம் இருக்கு. வாழைப்பழத்துல, கீரையில எல்லாம் வர்றதுதான். அதுல பத்தாயிரத்துல ஒரு அணு ரேடியோ ஆக்டிவ். நீ சும்மா உட்கார்ந்திருந்தாலே நொடிக்கு நூத்துக்கணக்குல காமா கதிர் விட்டுக்கிட்டுத்தான் இருக்கே."

வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகத் தன் தம்பியிடம் போய் நின்றாள். "டேய், தள்ளி உட்காரு. என்கிட்ட இருந்து காமா வருது."